சாம்பல் நிற டிராக்டர் தந்த ஹாரி பெர்குசன்

மாட்டுச் சந்தையில் காளை வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்க விட்டுப் பார்ப்பார். பழைய டிராக்டர் வாங்கப் போகிறவரும் அப்படித்தான். என்ஜினை ஓடவிட்டுக் காது கொடுப்பார். டயரைத் தட்டிப் பார்ப்பார். ஆனால் அதற்கெல்லாம் முன்பு அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. டிராக்டர் எந்தக் கம்பெனியுடையது என்பதே அந்தக் கேள்வி.

நல்ல பெயராக இருந்தால், வண்டி பழசானாலும் விலை நிற்கும். பெயர் தெரியாத வண்டியாக இருந்தால், பெயிண்டு மின்னினாலும் பாதி விலைக்குத்தான் கேட்பார்கள்.

அப்படி விலை நிற்கும் பெயர்களில் ஒன்று பெர்குசன். உலகம் முழுவதும் உழவர்களுக்குத் தெரிந்த பெயர் அது. அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு விவசாயியின் மகன். விவசாய வேலை பிடிக்காமல் வீட்டை விட்டு வந்தவர். மோட்டார் மன்னர் ஹென்றி போர்டுடன் வெறுங்கையைக் குலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டவர். பிறகு அதே போர்டு கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்தவர்.

உழவர்களின் நம்பிக்கை யாருக்குச் சொந்தம்? இதுதான் அந்த வழக்கின் அடியில் இருந்த கேள்வி.

விவசாயியின் மகன்

அயர்லாந்தின் வடபகுதியில், டவுன் மாவட்டத்தில், டுரோமோர் என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள குரோவெல் கிராமத்தில் ஹாரி பெர்குசன் பிறந்தார். பிறந்த தேதி 1884-ம் ஆண்டு நவம்பர் 4. உடன் பிறந்தவர்களையும் சேர்த்து வீட்டில் மொத்தம் 11 குழந்தைகள். தந்தை கண்டிப்பானவர். மத நெறியிலிருந்து இம்மியும் பிசகாதவர்.

சிறு வயதிலேயே ஹாரி நிலத்தில் பாடுபட வேண்டியிருந்தது. குதிரை இழுக்கும் கலப்பைக்குப் பின்னால் நடந்து நடந்து கால் ஓய்ந்தது. அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. கனடாவுக்குப் போய்விடலாமா என்று கூட நினைத்தார்.

அந்த நேரத்தில் அண்ணன் ஜோ, பெல்பாஸ்ட் நகரில் சைக்கிளும் மோட்டாரும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். தம்பியைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். 1902-ல் ஹாரி அந்தக் கடையில் சேர்ந்தார். ஏரை வெறுத்த கை யந்திரத்தைத் தொட்டதும் சுறுசுறுப்பானது.

ஆகாயத்தில் பறந்தார்

அது மனிதன் பறக்கத் தொடங்கிய காலம். பெர்குசனுக்கும் அந்த ஆசை பிடித்தது. தாமே ஒரு விமானத்தைக் கட்டினார். 1909-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி ஹில்ஸ்பரோ என்ற இடத்தில், பலத்த காற்றுக்கு நடுவே அதில் ஏறிப் பறந்தார். பறந்த தூரம் சுமார் 130 கஜம்தான். ஆனால் அயர்லாந்து மண்ணிலிருந்து விமானத்தில் எழும்பிய முதல் மனிதர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

1911-ல் அண்ணனை விட்டுப் பிரிந்து சொந்த மோட்டார் வியாபாரம் தொடங்கினார். 1913-ல் மாரீன் வாட்சன் என்ற பெண்ணை மணந்தார். ஒரே மகள் பிறந்தாள்.

முதலாவது உலக யுத்தம் வந்தது. உணவுப் பஞ்சம் மிரட்டியது. பெர்குசன் அமெரிக்க டிராக்டர்களை வரவழைத்து விற்கத் தொடங்கினார். அவர் விற்ற டிராக்டருக்கு பிரிட்டனில் "ஓவர்டைம்" என்று பெயர். அதைச் செய்த அமெரிக்கக் கம்பெனியைத்தான் 1918-ல் ஜான் டீர் கம்பெனி விலைக்கு வாங்கி, டிராக்டர் தொழிலில் இறங்கியது. பிற்காலத்தில் பெர்குசனின் டிராக்டரோடு போட்டியிட்ட பச்சை நிற டிராக்டருக்கு வித்து அதுவே.

மல்லாந்த டிராக்டர்

1917-ல் அயர்லாந்து விவசாய இலாகா பெர்குசனிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தது. நாட்டில் உள்ள டிராக்டர்கள் சரியாக உழவில்லை. ஏன் என்று பார்த்துத் திருத்த வேண்டும். இதுதான் வேலை. பெர்குசனும் அவருடைய வலது கையான மெக்கானிக் வில்லி சாண்ட்சும் ஊர் ஊராகச் சுற்றினார்கள்.

குறை எங்கே என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது. குதிரைக்குப் பதிலாக டிராக்டரைக் கட்டியிருந்தார்களே தவிர, கலப்பை பழைய கலப்பையாகவே இருந்தது. டிராக்டர் முன்னால் போகும். கலப்பை பின்னால் இழுபட்டு வரும். நிலத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்க வேண்டுமானால் டிராக்டர் கனமாக இருக்க வேண்டும். கனமாக இருந்தால் மண் இறுகிப்போகும்.

ஆபத்தும் இருந்தது. கலப்பை மண்ணுக்குள் ஒரு பாறையில் மாட்டிக்கொண்டால் டிராக்டரின் முன்பக்கம் எழும்பும். அப்படியே மல்லாந்து ஓட்டுகிறவர் மேல் விழும். ஹென்றி போர்டு 1917-ல் கொண்டுவந்த "போர்ட்சன்" டிராக்டர் இப்படிப் பல உயிர்களைக் குடித்தது.

பெயர் திருடிய கதை

போர்டு தம் டிராக்டருக்குத் தம் பெயரை நேராக வைக்காமல் "போர்ட்சன்" என்று ஏன் வைத்தார்? அதிலும் ஒரு கதை உண்டு. மின்னியாபொலிஸ் நகரில் சிலர், போர்டு என்ற பெயருள்ள வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு, "போர்டு டிராக்டர் கம்பெனி" என்று முன்பே ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். மோட்டார் மன்னருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெயரை நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தார்கள்.

ஏமாந்தவர்களில் ஒருவர் நெப்ராஸ்கா மாநிலத்து விவசாயி. அவர் சட்டசபை உறுப்பினரும் ஆவார். அவருடைய முயற்சியால் 1919-ல் அங்கே ஒரு சட்டம் பிறந்தது. பரீட்சையில் தேறாத டிராக்டரை அந்த மாநிலத்தில் விற்கக் கூடாது. விற்கும் கம்பெனி மாநிலத்துக்குள் உதிரி பாகங்களையும் வைத்திருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். உதிரி பாகம் கிடைக்காத டிராக்டர், நின்ற நாளிலிருந்து வெறும் பழைய இரும்பு அல்லவா?

விலையிலும் ஒரு பாடம் இருந்தது. 1922-ல் போட்டியை முறியடிக்க போர்டு தம் டிராக்டரின் விலையை 395 டாலராக இறக்கினார். புது வண்டி வாங்கியவர்களுக்குக் கொண்டாட்டம். முந்தைய விலையில் வாங்கியவர்களின் கையிலிருந்த வண்டி என்ன விலை பெறும்? புதியதன் விலை விழுந்தால் பழையதன் விலையும் விழத்தானே வேண்டும்! பேர் போன கம்பெனியும் தன் பழைய வாடிக்கைக்காரரின் முதலைக் கரைத்துவிட முடியும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

மூன்று முனை இணைப்பு

பெர்குசன் கண்டுபிடித்த வழி எளிமையானது. கலப்பையை டிராக்டருக்குப் பின்னால் இழுக்காமல், டிராக்டரின் உடம்போடு சேர்த்து மாட்டினார். கீழே இரண்டு கைகள். மேலே ஒரு கை. ஆக மூன்று முனை. உழும்போது மண்ணின் எதிர்ப்பு, டிராக்டரின் பின் சக்கரத்தைக் கீழ் நோக்கி அழுத்தும். அதனால் லேசான டிராக்டரும் வழுக்காமல் உழும். முன்பக்கமும் எழும்பாது.

இதோடு எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தூக்கி ஒன்றையும் சேர்த்தார். மண் கெட்டியானால் மேல் கையில் அழுத்தம் கூடும். உடனே தூக்கி கலப்பையைச் சற்று உயர்த்தும். மண் இளகினால் இறக்கும். உழுகிறவர் கை வைக்க வேண்டியதில்லை. இந்த அமைப்புக்கு 1926-ல் பேட்டண்டு கிடைத்தது. 1933-ல் கறுப்பு வர்ணம் பூசிய ஒரு டிராக்டரைத் தாமே செய்து காட்டினார். அது இன்று லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையில் இருக்கிறது.

விலை போகாத நல்ல சரக்கு

ஹட்டர்ஸ்பீல்டு நகரத்துத் தொழிலதிபர் டேவிட் பிரவுன், பெர்குசனின் டிராக்டரைச் செய்து தர முன்வந்தார். 1936-ல் அது சந்தைக்கு வந்தது. விலை 224 பவுண்டு. கலப்பை முதலிய கருவிகளுக்குத் தனியாகத் தலா 26 பவுண்டு. போர்ட்சனோ இதைவிட மிகவும் மலிவு.

விவசாயிகள் தயங்கினார்கள். டிராக்டர் நல்லதுதான். ஆனால் வீட்டில் இருக்கும் பழைய கலப்பையும் பரம்பும் இதில் மாட்டாதே! டிராக்டரை மாற்றினால் கருவி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்கு உழவர் எளிதில் மாறாததற்கு முக்கியமான காரணம் இதுதான். வெளியில் இருப்பவர் அதைப் பிடிவாதம் என்பார். உழவருக்கு அது பணக் கணக்கு.

3 ஆண்டுகளில் சுமார் 1,350 டிராக்டர்களே தயாராயின. டிராக்டரைப் பெரிதாக்க வேண்டும் என்றார் டேவிட் பிரவுன். பெர்குசன் அசையவில்லை. இருவரும் பிரிந்தார்கள்.

புல் தரையில் ஒப்பந்தம்

1938 அக்டோபரில் பெர்குசன் அமெரிக்காவுக்குக் கப்பலில் போனார். ஒரு டிராக்டரையும் கருவிகளையும் கூடவே கொண்டுபோனார். டியர்பார்ன் நகரில் ஹென்றி போர்டின் தோட்டத்தில் உழுது காட்டினார். போர்டும் விவசாயி வீட்டில் பிறந்தவர்தான். நல்ல டிராக்டர் செய்ய வேண்டும் என்று பல ஆண்டுகளாகத் துடித்துக்கொண்டிருந்தவர். கண்ணிமைக்காமல் பார்த்தார்.

பிறகு ஒரு மேஜையைக் கொண்டுவந்து போட்டார்கள். பெர்குசன் சாவி கொடுத்த பொம்மை டிராக்டர் ஒன்றை மேஜை மேல் ஓடவிட்டுத் தம் தத்துவத்தை விளக்கினார். போர்டுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெர்குசன் வடிவம் கொடுப்பார், போர்டு தயாரிப்பார், பெர்குசன் விற்பார். இதுதான் ஏற்பாடு. பத்திரம் எழுதவில்லை. கையெழுத்துப் போடவில்லை. வக்கீல் யாரும் பக்கத்தில் இல்லை. இருவரும் கை குலுக்கினார்கள். அவ்வளவுதான்.

ஒரு வண்டி, இரண்டு பெயர்

1939 ஜூன் மாதம் புது டிராக்டர் வெளிவந்தது. விலை 585 டாலர். முகப்பில் போர்டு என்ற பெயர். அதன் கீழே பெர்குசன் முறை என்ற பட்டயம். உழவர்கள் மொய்த்தார்கள். எட்டு ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் டிராக்டர்கள் அமெரிக்க நிலங்களில் இறங்கின. அவற்றோடு பெர்குசன் கம்பெனி விற்ற கலப்பைகளும் மற்றக் கருவிகளும் வீடு வீடாகச் சேர்ந்தன.

இங்கேதான் முடிச்சு விழுந்தது. உழவர் நம்பியது போர்டு என்ற பெயரையா? பெர்குசன் என்ற பெயரையா? இரண்டு பெயரும் ஒன்றாக இருந்தவரையில் அதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

1945-ல் கிழவர் போர்டு பொறுப்பை விட்டு விலகினார். பேரன் இரண்டாவது ஹென்றி போர்டு கம்பெனித் தலைவரானார். கணக்குப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். டிராக்டர் செய்வதில் கம்பெனிக்கு நஷ்டம் என்று கண்டார். தாத்தா கை குலுக்கியது பேரனைக் கட்டுப்படுத்தவில்லை. 1946 முடிவில் ஏற்பாட்டை முறித்துக்கொள்வதாகப் பெர்குசனுக்குத் தெரிவித்தார்.

1947-ல் போர்டு கம்பெனியின் சொந்த டிராக்டர் வந்தது. "எட்டு என்" என்று அதற்குப் பெயர். மூன்று முனை இணைப்பு அதிலும் அப்படியே இருந்தது. பெர்குசன் பட்டயம் மட்டும் இல்லை. பழைய வண்டிக்கு வாங்கிய கருவிகள் எல்லாம் புது வண்டிக்கும் பொருந்தின. ஆகையால் உழவர் செலவில்லாமல் போர்டிடமே தங்கிவிடலாம். பெர்குசனிடம் விற்பனைக்காரர்கள் இருந்தார்கள். விற்பதற்கு டிராக்டர் இல்லை!

25 கோடி டாலர் வழக்கு

பெர்குசன் குள்ள உருவம். ஆனால் பணிந்து போகிறவர் அல்ல. 1948 ஜனவரியில் போர்டு கம்பெனி மீது வழக்குத் தொடர்ந்தார். கேட்ட நஷ்ட ஈடு 25 கோடியே 10 லட்சம் டாலர்.

வழக்கு 4 ஆண்டுகள் நடந்தது. மலை மலையாகச் சாட்சியமும் தஸ்தாவேஜும் குவிந்தன. இதற்குள் வேடிக்கையான ஒன்று நடந்துவிட்டது. பெர்குசன் இங்கிலாந்தில் செய்த டிராக்டர் சக்கைப்போடு போட்டது. அமெரிக்காவிலும் சொந்தத் தொழிற்சாலை எழும்பியது. வியாபாரம் பாழாகிவிட்டது என்ற வாதம், வியாபாரம் வளர வளர வலுவிழந்தது!

1952 ஏப்ரலில் சமரசம் ஏற்பட்டது. போர்டு கம்பெனி பேட்டண்டு உரிமைக்காக 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்தது. பெர்குசனின் சில அமைப்புகளை அந்த ஆண்டு முடிவுக்குள் தன் டிராக்டரிலிருந்து நீக்கவும் ஒப்புக்கொண்டது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் பெரிய கம்பெனியை ஒரு தனி மனிதர் பணிய வைத்தார் என்று உலகம் பேசியது.

சாம்பல் நிறம்

இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்தில் பேனர் லேன் என்ற இடத்தில் யுத்த காலத்தில் விமான என்ஜின் செய்த தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி நடத்தியது. 1946 முதல் அங்கே பெர்குசனின் டிராக்டர் தயாரானது. சிறிய உருவம். சாம்பல் நிறம். வேறு அலங்காரம் எதுவும் கிடையாது. 1956 வரை 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

அந்த டிராக்டருக்குப் பழைய வண்டிச் சந்தையில் விலை நின்றதற்குக் காரணங்கள் உண்டு. டிராக்டரிலும் கருவியிலும் உள்ள திருகுகளில் பெரும்பாலானவற்றைக் கழற்ற ஒரே ஒரு ஸ்பேனர் போதும். அந்த ஸ்பேனரில் அங்குல அளவும் பொறித்திருந்தது. உழவு சாலை அளக்கவும் அது உதவியது. லட்சக்கணக்கில் செய்ததால் உதிரி பாகத்துக்குப் பஞ்சம் இல்லை. விற்பனைக்காரரும் மெக்கானிக்கும் பயிற்சி பெறத் தனிப் பள்ளிக்கூடமே நடத்தினார் பெர்குசன். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மூன்று முனை இணைப்பு. பேட்டண்டுக் காலம் முடிந்ததும் எல்லாக் கம்பெனிகளும் அதை எடுத்துக்கொண்டன. பிறகு அதுவே உலகத்துக்குப் பொது அளவாயிற்று. ஆகவே, 1950-ல் செய்த சாம்பல் டிராக்டரில் இன்று செய்த சிறு கலப்பையையும் மாட்டலாம். அதற்கு முந்திய வகை டிராக்டர்கள் காட்சிப் பொருளாகிவிட்டன. இதுவோ வேலைக்கு ஆகும் வண்டியாகவே நின்றது.

எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹில்லாரி, சங்கிலிப் பட்டை பூட்டிய பெர்குசன் டிராக்டர்களிலேயே பனிப்பாலையைக் கடந்து, 1958 ஜனவரி 4-ந் தேதி தென் துருவத்தை அடைந்தார். இதைவிட வேறு விளம்பரம் வேண்டுமா?

நாணயம் சுண்டினார்கள்

1953-ல் கனடாவின் மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு பெர்குசன் தம் கம்பெனியை இணைத்தார். விலை பேசும்போது 10 லட்சம் டாலர் வித்தியாசம் வந்தது. பேரம் பேசிப் பொழுதைப் போக்காமல் நாணயம் சுண்டிப் பார்க்கலாம் என்றார் பெர்குசன். சுண்டினார்கள். தோற்றார். 1 கோடியே 60 லட்சம் டாலர் பெறுமான பங்குகளைப் பெற்றுக்கொண்டு, முகம் சுளிக்காமல் கை குலுக்கினார்.

ஆனால் மாஸி-ஹாரிஸ் சிவப்பு டிராக்டர். பெர்குசன் சாம்பல் டிராக்டர். கம்பெனிகள் ஒன்றாயின, வாடிக்கைக்காரர்கள் ஒன்றாகவில்லை. இரண்டுக்கும் தனித்தனி விற்பனைக்காரர்கள் ஒரே ஊரில் ஒருவரோடொருவர் போட்டி போட்டார்கள். பிறகுதான் இரண்டையும் ஒரே வரிசையாக்கி, 1958-ல் மாஸி பெர்குசன் என்று பெயரைச் சுருக்கினார்கள்.

அதற்குள் பெர்குசன் விலகிவிட்டார். 1954-லேயே கருத்து வேற்றுமையால் தலைவர் பதவியைத் துறந்தார். நான்கு சக்கரங்களும் இழுக்கும் மோட்டார் காரைச் செய்ய வேண்டும் என்று பணத்தை வாரி இறைத்தார். கார்க் கம்பெனிகள் கண்டுகொள்ளவில்லை. தூக்கமின்மையும் மனச் சோர்வும் வாட்டின. 1960-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி, 75-வது வயதில், தம் மாளிகையில் இறந்து கிடந்தார். தூக்க மருந்து அளவுக்கு மேல் உடலில் சேர்ந்திருந்தது. அது தவறுதலாக நேர்ந்ததா என்பதை விசாரணையில் முடிவு செய்ய இயலவில்லை. அடுத்த ஆண்டே அவருடைய நான்கு சக்கர இழுவைக் கார், பந்தயத்தில் முதலாவதாக வந்தது. பார்க்க அவர் இல்லை.

சென்னைக்கு வந்த பெயர்

பெர்குசன் மறைந்த அதே 1960-ல் சென்னையில் "டாபே" கம்பெனி பிறந்தது. மாஸி பெர்குசனோடு கூட்டுச் சேர்ந்து, செம்பியத்தில் டிராக்டர் செய்தது. தமிழ்நாட்டு வயல்களில் அந்தச் சிவப்பு டிராக்டர் பழகிப்போன காட்சி. அதன் பின்னால் கலப்பையைத் தூக்கும் மூன்று கைகளும் பெர்குசன் நினைத்துச் செய்தவைதான்.

கவன்ட்ரி தொழிற்சாலை 2002-ல் உற்பத்தியை நிறுத்தியது. அந்தப் பெயரை வைத்துக்கொள்ளும் உரிமைக்காக இந்தியாவிலும் கோர்ட்டுப் படி ஏறினார்கள். 2025-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி இந்தியா, நேபாளம், பூட்டான் நாடுகளில் மாஸி பெர்குசன் என்ற பெயர் டாபே கம்பெனிக்கு உரியதாயிற்று.

கலப்பைக்குப் பின்னால் நடக்கப் பிடிக்காமல் வீட்டை விட்டுப் போன பையன், கோடிக்கணக்கான உழவர்களின் நடையைக் குறைத்தார். கம்பெனிகள் கை மாறின. நிறம் மாறியது. வழக்குகள் வந்து போயின. பழைய டிராக்டர் வாங்க வருகிறவர் மட்டும் இன்னமும் முதலில் பெயரைத்தான் கேட்கிறார். பெர்குசன் என்றதும் அடுத்த பேச்சு விலையைப் பற்றித்தான்.